அந்தோனி மாமா பார்த்துக் கொடுத்த கார்

நோட்டன் பிரிட்ஜ்
11.02.2024

அன்பு மருமகன் ஜெனுஷனுக்கு,

மாமா அந்தோனிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி டிலுக்ஷியும் அந்தோனியார் புண்ணியத்தில் சுகம். தோஹாவில் உன் சுகத்துக்கு எழுது. கால் வீக்கம் வற்றியதா என்று உன் அம்மா பவுலின் தினமும் என் உயிரை வாங்குகிறாள்.

விஷயம் முடிந்தது, மருமகனே. கார் நம் கையில்! சிவப்பு, இரண்டு கதவு, இரண்டே சீட், தரையோடு படுத்த சிறுத்தை மாதிரி. தோட்டத்துப் பெரியதொரை கண்ணை மூடிய பிறகு, நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த அட்டன் பங்களாவில் அவர் மகன் வைத்திருந்த அதே ஸ்போர்ட்ஸ் கார்தான். அதைப் பற்றி முழுதும் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் மேலே போய்விட்டார், மற்றவர் இதை எழுதுகிறார். ஏப்ரலில் நுவரெலியா மலைப் பந்தயத்துக்குத் தொரை போகும்போது, "அந்தோனி, எஞ்சின் என்ன சொல்லுது?" என்று என்னைக் கேட்காமல் ஏற மாட்டார். நான் பொனட்டில் காதை வைத்துச் சொல்வேன். வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருத்தன் என் காதைப் படம் பிடித்துக்கொண்டு போனான் என்றால் பார்.

தொரை மகன் கேட் வரை ஓடி வந்து கை கொடுத்தான். வெள்ளி டீ பொட், மூன்று வகைக் கேக், கோழிப் பொரியல். "நீங்க சரின்னு சொன்னாத்தான் விப்பேன்" என்றான். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதை வைத்தேன். எஞ்சின் பூனை மாதிரி. நல்ல வண்டி என்று சொல்லிவிட்டேன். அந்தோனிமுத்து ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான்.

மாதா உன் கூட இருக்கட்டும்.

உன் தாய்மாமன்,
அந்தோனிமுத்து


தோஹா
27.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். உங்கள் சுகமும் அம்மா, டிலுக்ஷி சுகமும் அறிய ஆவல். கால் அப்படியேதான் இருக்கிறது. பார்க்கிங் வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற செக்குரிட்டி வேலையில் வேறு எப்படி இருக்கும்? நாற்காலி போட மாட்டார்கள். சுவரில் சாய்ந்தாலே கெமராவில் பார்த்து அன்றைய சம்பளத்தில் வெட்டுவார்கள். அம்மாவுக்கு இது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. போனில் அழுகிறார்.

நான் அனுப்பிய காசில் கார் பார்த்து வாங்கித் தந்ததற்கு நன்றி. நாலு வருஷமாக என் முன்னால் இந்த மாதிரிக் கார்கள்தான் ஏறி இறங்குகின்றன. டிசம்பரில் வந்தால் திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. அட்டன், நுவரெலியாப் பக்கம் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டினால் வீட்டோடு இருந்து பிழைத்துக்கொள்வேன். செப்டெம்பர் முடிவில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கம்பெனி கையெழுத்துக் கேட்கும். எஞ்சின் நன்றாக இருந்தால் போட மாட்டேன். எல்லாம் அந்த எஞ்சினில்தான் இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். இப்போது உள்ளே இருப்பது என்ன ஒயில்? தண்ணியா, தடிப்பா? என்ன நிறம்? எப்போது மாற்றினார்கள்? போனில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால் பத்துக் கதை வருகிறது, பதில் வருமுன் கார்ட் முடிகிறது. அதுதான் கடிதம்.

அன்புடன்,
ஜெனுஷன்


நோட்டன் பிரிட்ஜ்
24.03.2024

அன்பு மருமகனுக்கு,

சுகம். தவக்காலம் என்பதால் இறைச்சி இல்லை, மற்றப்படி குறை இல்லை. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். ஒயிலைப் பற்றி என்னிடமா கேட்கிறாய்? முப்பத்தொரு வருஷத்தில் இந்தக் கையால் போன ஒயிலைக் காசல்ரீயில் ஊற்றினால் அணை தாண்டி வழியும். உள்ளே இருப்பது நல்ல ஒயில். தொரை வீட்டு ஒயில். நிறம், ஒயில் நிறம்.

கார் நம் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில், கோயில் மதிலோடு, படங்கு போட்டு மூடி நிற்கிறது. பொகவந்தலாவையிலிருந்துகூட ஆட்கள் பஸ் பிடித்து வந்து பார்க்கிறார்கள். நேற்று ஒருத்தன் படம் எடுக்க வரிசையில் நின்று மயக்கம் போட்டு விழுந்தான்.

உன் அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போகுமுன் பழைய சேலைத் துணியால் பனியைத் துடைத்துவிட்டுத்தான் போகிறாள். "உள்ள ஒரு தடவ உக்காந்துதான் பாரேன் பவுலின்" என்றேன். "எம்புள்ள அங்க நின்னுக்கிட்டு இருக்கான், நான் இங்க உக்காரவா? அவன் வந்து ஓட்டட்டும்ண்ணே, உக்காருறேன்" என்றாள். அழுத்தக்காரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


தோஹா
09.04.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். நிறத்தை நீங்கள் எழுதவில்லை.

இங்கே பக்கத்துக் கராஜில் ஒரு மலையாளி இருக்கிறார். அவர் ஒரு விஷயம் சொன்னார், தூக்கம் போய்விட்டது. பழைய காரின் எஞ்சின் உள்ளே தேய்ந்து டக் டக் என்று தட்ட ஆரம்பித்தால், விற்கிறவர்கள் லொறிக்கு ஊற்றுகிற தடித்த ஒயிலை ஊற்றி விடுவார்களாம். சத்தம் அமுங்கிவிடும். வாங்கியவன் புத்தகத்தில் சொன்ன மெல்லிய ஒயிலை ஊற்றின அன்றைக்கு எஞ்சின் வாயைத் திறக்கும், கொஞ்ச நாளில் உடையும். நம் காருக்குப் புத்தகத்தில் இருப்பது 5-30. மெல்லிய ஒயில்.

நம் கார் அப்படி இல்லைதானே, மாமா? நீங்கள் காதை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரி போதும். தட்டியது, அல்லது தட்டவில்லை.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. டிலுக்ஷியின் போனில் பேசினாலும் நீங்கள் வெளியே போயிருக்கிறீர்கள்.

ஜெனுஷன்


நோட்டன் பிரிட்ஜ்
16.06.2024

அன்பு மருமகன் ஜெனுஷனுக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல். பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. என் போன் ஆற்றில் விழுந்தது. எடுக்கப் பாய்ந்தேன், இரண்டு முழ நீள மீன் ஒன்று வாயில் கவ்விக்கொண்டு போய்விட்டது. பிறகு மழை. பிறகு அந்தோனியார் திருநாள். என் பேர் கொண்ட புனிதருக்கு நான் இல்லாமல் தேர் நகருமா? சுவாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "அந்தோனிமுத்து வந்துட்டாரா?" என்று கேட்டாராம். எல்லாரும் சொன்னார்கள்.

ஒயில் விஷயம். அந்த மலையாளி பாலைவனத்தில் இருக்கிறவன், அவனுக்கு மலை தெரியாது. நம் குளிரில் மலைக்குப் போகிற பெண்கள் என்ன போர்த்துகிறார்கள்? தடித்த கம்பளி. மெல்லிய துணியைப் போர்த்தினால் விறைத்துச் செத்துப்போவார்கள். எஞ்சினும் உயிர் மாதிரித்தான், மருமகனே. குளிருக்குத் தடித்த ஒயில். இதைப் பஸ் ட்ரைவர் வீரய்யாவிடம் சொன்னபோது, "அப்பிடின்னா ரேடியேட்டருக்குத் தொப்பி தச்சுப் போடுங்களேன் அந்தோனிண்ணே" என்று கடை நிறையச் சிரித்தான். படிக்காதவன். அவனை விடு.

டிலுக்ஷி படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன் காரைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். உன் அம்மா அதைப் பார்க்கப் பள்ளிக்கூடம் வரை ஏறிப் போனாள்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் தாள் முடிந்துவிட்டது.

மாமா


தோஹா
05.07.2024

அன்புள்ள மாமாவுக்கு,

தாள் முடிந்தால் இன்னொன்று எடுக்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு ஒரு வெறுந்தாள் வைத்திருக்கிறேன்.

கம்பளிக் கதை தலைகீழ். குளிரில் தடித்த ஒயில் உறைந்துபோய், எஞ்சினுக்கு ஏற நேரம் எடுக்கும். குளிருக்குத்தான் மெல்லியது வேண்டும். போகட்டும்.

டிலுக்ஷி 5-30 ஒயில் கான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். அட்டனில் பிரதாப்பின் கராஜுக்குக் கொண்டுபோங்கள். ஆனால் அதற்கு முன் இதைக் கவனமாக வாசியுங்கள். புத்தகம் சொல்வது நல்ல எஞ்சினுக்கு. தேய்ந்த எஞ்சின் என்றால் அந்த ஒயிலை ஊற்றக் கூடாது. இருப்பதையே வைத்துக்கொண்டு, காரை ஓட்டாமல் நிறுத்தி வைக்க வேண்டும். நான் கையெழுத்தைப் போட்டு இன்னும் கொஞ்சக் காலம் இங்கே நின்று உழைத்து, எஞ்சினை இறக்கிச் செய்துகொள்வேன். அது பரவாயில்லை. தெரிந்துகொண்டு நிற்பது வேறு.

எந்த ஒயில் சரி என்று எனக்குச் சொல்ல உலகத்தில் இப்போது ஒரே ஒரு ஆள் இருக்கிறார். நல்ல எஞ்சின் என்றால் ஊற்றுங்கள். இல்லை என்றால் எழுதுங்கள். சத்தியமாகக் கோபிக்க மாட்டேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெனுஷன்


நோட்டன் பிரிட்ஜ்
11.08.2024

அன்பு மருமகனுக்கு,

எல்லாரும் சுகம். நீ அனுப்பிய வெறுந்தாளில்தான் எழுதுகிறேன். நல்ல தாள். வெளிநாட்டுத் தாள் வெளிநாட்டுத் தாள்தான்.

காரியம் முடிந்தது. நேற்று பிரதாப்பே வந்து காரை எடுத்துக்கொண்டு போனான், நான் பக்கத்தில். அட்டன் பஜார் முழுக்க எழும்பி நின்றது. கராஜில் பழைய ஒயிலை இறக்கினான். காலைக் குளிரல்லவா, மெதுவாகத்தான் இறங்கியது. அதற்குள் நான் இரண்டு பிளேன்டீ குடித்து முடித்தேன். பிரதாப் கானைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இத ஊத்தவா?"

"ஏண்டா, யாருக்கிட்ட கேக்குற?"

"ஒங்ககிட்டதாண்ணே கேக்குறேன். பெறகு என்னையக் கேக்கக் கூடாது."

"ஊத்துடா" என்றேன். ஊற்றினான். தேன் மாதிரி இறங்கியது. எஞ்சின் பூனைதான், மருமகனே. பிரதாப் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

கவலையை விடு. கையெழுத்தையும் விடு.

மாமா


தோஹா
29.08.2024

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நின்ற இடத்திலேயே மூன்று தரம் வாசித்தேன். கெமராவில் பார்த்து ஒரு நாள் சம்பளத்தை வெட்டினார்கள். வெட்டட்டும்!

கையெழுத்துப் போட மாட்டேன், வேறு ஆள் பாருங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். டிசம்பர் பதினான்கு டிக்கெட். முதல் வாடகையும் டிலுக்ஷி பிடித்துவிட்டாள். அவளோடு படிப்பிக்கிற பிரியந்தி, செப்டெம்பர் பதினைந்து, பொகவந்தலாவைக் கோயிலில் கல்யாணம். நான் வரும் வரை பிரதாப் ஓட்டுவான்.

உங்களைப் பலமுறை சந்தேகப்பட்டேன். மன்னியுங்கள். அந்தக் காதுக்கு நான் வந்து ஒரு முத்தம் கொடுக்க வேண்டும்.

உங்கள் மருமகன்,
ஜெனுஷன்


நோட்டன் பிரிட்ஜ்
02.10.2024

அன்பு மருமகனுக்கு,

சுகம்தான். ஒரு சின்ன விஷயம் நடந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கல்யாணத்தன்று பொகவந்தலாவை ஏற்றத்தில் கார் போய்க்கொண்டிருந்தபோது தேயிலைக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை பாய்ந்தது. எட்டடி நீளம். பிரதாப் பிரேக்கை மிதித்த மிதியில் எஞ்சினுக்கு அதிர்ச்சி. ஒரு சத்தம், கொஞ்சம் புகை. கல்யாணப் பொம்பிளைக்கு ஒன்றும் இல்லை. கெட்டிக்காரி, சிறுத்தையைப் பார்த்துச் சிரித்தாளாம்.

காரைக் கட்டி இழுத்து வந்து படங்கு போட்டுவிட்டோம். சின்ன வேலைதான். தொரை காலத்தில் இதைவிடப் பெரிய சிறுத்தை

மாமா


தோஹா
18.10.2024

மாமாவுக்கு,

தொரை காலத்துச் சிறுத்தைக் கதையை நீங்கள் முடிக்கவில்லை. பரவாயில்லை.

டிலுக்ஷி எல்லாவற்றையும் போனில் சொன்னாள். சிறுத்தை பாயவில்லை. ஏற்றத்தில் எஞ்சின் தட்டத் தொடங்கி, உள்ளே பிஸ்டன் கம்பி முறிந்து, எஞ்சின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. பிரியந்தி முழங்கால் வரை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டோ ஒன்றில் கோயிலுக்குப் போனாள். ரோட்டில் நின்று டிலுக்ஷி அழுதிருக்கிறாள்.

பிரதாப்பிடமும் பேசினேன். இறக்கிய பழைய ஒயில் கித்துள் பாணி மாதிரித் தடிப்பாக இருந்தது என்றான். லொறி ஒயில். புதியதை ஊற்றி ஸ்டார்ட் பண்ணின உடனே தட்டியது, நீங்களும் கேட்டீர்கள் என்றான். "அவரு வெளிய போயிட்டாருண்ணே, அவரு பேச்ச நம்பித்தான் ஓட்டுனேன்" என்றான்.

சூப்பர்வைசரிடம் திரும்பப் போய்க் கெஞ்சினேன். என் வாசலில் இப்போது ஒரு நேபாளப் பொடியன் நிற்கிறான். எனக்கு நிலத்துக்குக் கீழே மூன்றாவது பார்க்கிங் தளம் கொடுத்திருக்கிறார்கள், காற்று இல்லாத இடம். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். தொரை மகன் உங்களுக்கு எவ்வளவு கமிஷன் தந்தான்?

ஜெனுஷன்


நோட்டன் பிரிட்ஜ்
10.11.2024

ஜெனுஷனுக்கு,

கமிஷன் ஒரு சதம் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அன்றைக்குக் கோழி இல்லை. கேக் இல்லை. வெள்ளிப் பொட்டும் இல்லை. என் காதை யாரும் படம் பிடித்ததும் இல்லை. நான் அந்தப் பங்களாவில் கார் கழுவினவன். உனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தீர்கள்.

முப்பத்தொரு வருஷமும் பின்பக்கக் குசினிக் கதவால்தான் போனேன். டீ தந்தால் குசினிப் படியில். எங்களுக்கென்று ஒரு தகரக் கோப்பை இருந்தது, ஆணியில் தொங்கும், நாங்களே கழுவித் தொங்கவிட வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணின உடனே கேட்டது. அடியில், பூட்டின அறைக்குள் ஒருத்தன் தட்டுகிற மாதிரி. ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தேன், ஒயில் நூலாக இழுபட்டது. கார் கழுவினவனுக்கும் அது தெரியும். சொல்லத்தான் திரும்பினேன். அப்போது தொரை மகன், "உக்காருங்க அந்தோனி" என்றான்.

முன் வராந்தா. தொரை காலையில் பேப்பர் படிக்கிற பிரம்பு நாற்காலி. பின்னால் யாரையும் சொல்கிறானோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. உட்கார்ந்தேன். பீரிஸ் தட்டோடு பூப்போட்ட கோப்பையில் டீ வந்தது. கொண்டுவந்தவள் ராசம்மா, நம் லயத்துப் பெண். என்னைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தாள். "எப்படி வண்டி?" என்று அவன் கேட்டான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் கார் பழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஜெனுஷன். நின்றுகொண்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறகு நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். ஒரு தடவை சொல்லாததை இரண்டாம் தடவை சொல்ல முடியவில்லை. கராஜில் பிரதாப் கேட்டபோது, இல்லை ஊற்றாதே என்றால் அங்கேயே எல்லாம் தெரிந்துவிடும். ஊற்று என்றேன்.

உன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அந்தோனிமுத்து


தோஹா
01.12.2024

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்றாவது தளத்தில் நின்றுகொண்டே வாசித்தேன். நான் நாலு வருஷம் நின்று வாங்கிய கார். நீங்கள் ஒரு தரம் உட்கார்ந்தீர்கள். அதைப் பற்றி இனி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

ஒரு வேலை மட்டும் இருக்கிறது. அம்மாவுக்கு எஞ்சின் உடைந்தது தெரியாது. சின்ன வேலை என்றுதான் டிலுக்ஷி சொல்லி வைத்திருக்கிறாள். இன்னும் காலையில் படங்கைத் தூக்கிக் காரைத் துடைக்கிறாராம். துடைக்கட்டும். நான் ஏன் நத்தார்ப் பண்டிகைக்கு வரவில்லை என்று போனில் கேட்டார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். எனக்குப் பொய் வராது.

உங்களுக்கு வரும். நீங்கள் சொன்னால் அம்மா நம்புவார், இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறார். கம்பெனி என்னை விட மாட்டேன் என்று மறித்தது என்று சொல்லுங்கள். அரபி முதலாளி நேரில் வந்து கை கொடுத்துக் கேட்டார் என்று சொல்லுங்கள். கேக் வேண்டுமானாலும் வையுங்கள். கால் வீக்கம் வற்றிவிட்டது என்று சொல்லுங்கள்.

எனக்கு நாற்காலி போட்டுத் தந்திருக்கிறார்கள், இனி உட்கார்ந்துதான் வேலை என்று சொல்லுங்கள். அதை மட்டும் நன்றாகச் சொல்லுங்கள். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஜெனுஷன்